கொன்றது எத்தனை, மிஞ்சியது எத்தனை

வேற்றுக் கடலிலிருந்து வந்த மீன் ஒன்று நம் கடலில் பெருகிவிட்டால் என்ன செய்வது? ஃபுளோரிடாவிலும் கரீபியன் தீவுகளிலும் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். ஸ்கூபா கருவியை மாட்டிக்கொண்டு இறங்க வேண்டும், கையீட்டியால் குத்த வேண்டும், கரைக்குக் கொண்டுவந்து வறுத்துத் தின்ன வேண்டும். அங்கே குத்துப்படும் மீன் சிங்கமீன். முதுகில் 13, இடுப்புத் துடுப்புகளில் 2, குதத் துடுப்பில் 3 என 18 விஷமுட்கள் கொண்டது. விஷம் முட்களோடு சரி, சதையில் கிடையாது. அதனால் முள்ளை வெட்டி எறிந்துவிட்டுச் சமைக்கலாம். வீரம், சேவை, விருந்து மூன்றும் ஒரே நாளில் கிடைத்துவிடுவதால் இந்த வழியைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பவர்கள் குறைவு.

புனேயில் உட்கார்ந்து இதை எடைபோடுவதற்குக் காரணம் உண்டு. அந்த ஊருக்குக் கடல் கிடையாது. ஆனால் ‘பிடித்துத் தின்றால் தீரும்’, ‘கொன்று புதைத்தால் தீரும்’ என்ற இரண்டு வாதங்களும் அந்த மாவட்டத்தின் நன்னீரில் ஏற்கெனவே நடைமுறைக்கு வந்துவிட்டன. போதாக்குறைக்கு, அங்கே பிறந்த மீன் ஒன்று நம் காவிரிக்குள் அந்நியனாக வந்து சேர்ந்திருக்கிறது. கரீபியனில் ஈட்டிக்குக் கிடைத்த மதிப்பெண்ணைப் புனேயின் அனுபவத்தோடு ஒட்டிப் பார்த்தால்தான் தீர்ப்பு நேர்மையாக இருக்கும்.

அளவுகோல்களை முதலில் சொல்லிவிடலாம். வேட்டைக்குப் பிறகு அந்நிய மீன் எவ்வளவு மிஞ்சியது? உள்ளூர் மீன்கள் மீண்டனவா? அந்த மீன் வந்த வழி அடைபட்டதா? எத்தனை கொன்றார்கள் என்பது இந்தப் பட்டியலில் இல்லை. அது உழைப்பின் அளவு மட்டுமே.

சிங்கமீனின் குற்றப்பத்திரிகை கனமானது. இந்திய-பசிபிக் கடல்களைச் சேர்ந்த இந்த மீன் 1985-ல் ஃபுளோரிடாவின் டேனியா கடற்கரை அருகே முதன்முதலில் தென்பட்டது. அலங்கார மீன் தொட்டிகளிலிருந்து யாரோ கடலில் விட்டதுதான் தொடக்கம் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். 2000-க்குப் பிறகு அமெரிக்காவின் கிழக்குக் கரை, பஹாமாஸ், கரீபியன், மெக்சிகோ வளைகுடா என்று பரவி, 2014-ல் பிரேசில் வரை போய்விட்டது. பஹாமாஸில் மார்க் ஆல்பின்ஸும் மார்க் ஹிக்ஸனும் 2008-ல் வெளியிட்ட சோதனையின்படி, சிறு பவளத் திட்டு ஒன்றில் ஒரே ஒரு சிங்கமீன் இருந்தாலே, அங்கே புதிதாகச் சேரும் உள்ளூர்க் குஞ்சுமீன்கள் ஐந்து வாரத்தில் 79 சதவீதம் குறைந்தன. அங்குள்ள சிறு மீன்களுக்கு இதைக் கண்டு பயப்படத் தெரியாது, பெரிய மீன்களுக்கு இதைத் தின்று பழக்கமில்லை. ஆகவே ஏதாவது செய்தாக வேண்டும் என்பதில் சர்ச்சைக்கு இடமில்லை.

ஈட்டியின் பக்கம் நிற்கும் சான்றுகளில் வலிமையானது ஸ்டெஃபனி கிரீனும் அவர் குழுவினரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு. பஹாமாஸில் 24 பவளத் திட்டுகளை 18 மாதம் கவனித்தார்கள். சிங்கமீனை முழுதாகத் துடைத்தெறிய வேண்டியதில்லை, திட்டுக்குத் திட்டு மாறுபடும் ஒரு வரம்புக்குக் கீழே வைத்தால் போதும் என்பதே அவர்கள் கண்டது. அந்த வரம்புக்குக் கொண்டுவர, இடத்தைப் பொறுத்து 25 முதல் 92 சதவீதம் வரை குறைக்க வேண்டியிருந்தது. அப்படி வைத்த திட்டுகளில் உள்ளூர் இரைமீன்களின் மொத்த எடை 50 முதல் 70 சதவீதம் கூடியது. முழுமையாக நீக்கிய இடங்களிலும் ஓரளவு நீக்கிய இடங்களிலும் பலன் ஏறத்தாழ ஒன்றே, வேலை நேரம் மட்டும் இரண்டாவதில் 30 சதவீதம் குறைவு. பொனேர் தீவில் நடந்த கணக்கெடுப்பும் இதை ஒட்டியே இருக்கிறது: வேட்டை நடந்த இடங்களில் சிங்கமீனின் எடை, நடக்காத இடங்களில் இருந்ததில் பாதிகூட இல்லை.

ஈட்டிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. வலை வீசினால் வந்ததெல்லாம் சாகும். தூண்டிலைச் சிங்கமீன் அதிகம் தொடுவதில்லை. முக்குளிப்பவரோ பார்த்து, அடையாளம் கண்டு, அதை மட்டும் குத்துகிறார், பக்கத்தில் நீந்தும் களவா தப்பிவிடுகிறது. கரீபியன் நாடுகள் பலவற்றில் ஸ்கூபாவோடு ஈட்டி வேட்டையாடுவது சட்டப்படி குற்றம். சிங்கமீனுக்காக மட்டும், பயிற்சி பெற்றவர்களுக்கு உரிமம் கொடுத்து அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். தளர்த்தியதற்கு இந்தத் துல்லியம்தான் நியாயம். ஆக, முதல் இரண்டு அளவுகோல்களிலும் ஈட்டி தேறிவிடுகிறது, ஆனால் கண்ணுக்கு எட்டும் ஆழத்தில், சிறிய திட்டில், விடாமல் செய்கிறவரையில்.

அந்த ‘ஆனால்’தான் முழுக் கணக்கையும் மாற்றுகிறது. ஒரு பெண் சிங்கமீன் சில நாளுக்கு ஒருமுறை முட்டையிட்டு, ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் முட்டைகளை நீரில் விடுகிறது. அவை நீரோட்டத்தில் மிதந்து எந்தத் திட்டுக்கும் போகும். ஜேம்ஸ் மோரிஸ் குழுவினரின் 2011-ஆம் ஆண்டுக் கணக்கீட்டின்படி, மொத்தத் தொகை குறையத் தொடங்க வேண்டுமென்றால் வளர்ந்த மீன்களில் 27 சதவீதத்தை மாதந்தோறும் பிடிக்க வேண்டும். இந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். புதிதாக ஒரு மீன்கூடச் சேராத குளம் ஒன்றில் மாதம் 27 சதவீதம் பிடித்தால், ஆண்டு முடிவில் நூற்றுக்கு இரண்டு மீன்தான் மிஞ்சும். குளத்தையே காலிசெய்யப் போதுமான அந்த வேகத்தில் வேட்டையாடினால்தான் கடலில் எண்ணிக்கை இறங்கவே ஆரம்பிக்கும். அதே ஆண்டு வந்த இன்னொரு கணக்கீடு, ஆண்டுக்கு 35 முதல் 65 சதவீதம் பிடித்தால் இனப்பெருக்கத் திறனைத் தளர்த்திவிடலாம் என்றது. இரண்டும் ஒத்துப்போகவில்லை, உண்மை நடுவில் எங்கோ இருக்கலாம். ஆனால் எதை எடுத்துக்கொண்டாலும், வார இறுதிக் கொண்டாட்டமாக நடக்கும் வேட்டையால் ஒரு கடல் முழுவதும் அந்த அளவை எட்ட முடியாது.

ஆழமும் குறுக்கே நிற்கிறது. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர். சிங்கமீன் 300 மீட்டர் ஆழத்திலும் காணப்பட்டிருக்கிறது. மேலே குத்தக் குத்தக் கீழிருந்து இடம் நிரம்பும். பிழைத்த மீன்களும் பாடம் கற்கின்றன: அடிக்கடி வேட்டை நடந்த பஹாமாஸ் திட்டுகளில் அவை பகலில் அதிகம் ஒளிந்துகொண்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இதனால் ஒரு நுட்பமான பிழை நேரலாம். முக்குளிப்பவர் கண்ணுக்கு மீன் குறைந்ததாகத் தெரியும், உண்மையில் அது பொந்துக்குள் இருக்கும்.

வெற்றி யாருக்குச் சேர வேண்டும் என்பதிலும் கவனம் தேவை. மெக்சிகோ வளைகுடாவின் வடபகுதியில் 2017-க்குப் பிறகு சிங்கமீன் வெகுவாகக் குறைந்தது. அங்கே டெஸ்டின் நகரில் நடக்கும் பெரிய போட்டியில் 2019-ல் மட்டும் 14 ஆயிரத்துக்கு மேல் பிடித்தார்கள். இரண்டையும் அருகருகே வைத்தால் ஈட்டிக்கு மாலை போடத் தோன்றும். ஆனால் அந்தச் சரிவோடு சேர்ந்தே 2017-ல் சிங்கமீன்களின் தோலில் புண் உண்டாக்கும் நோய் ஒன்று பரவியது. வேட்டை நடக்காத இடங்களிலும் எண்ணிக்கை இறங்கியதால், சரிவில் பெரும்பங்கு நோயுடையது என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கொன்றதை மட்டும் எண்ணுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு புலப்படாது.

மூன்றாவது அளவுகோலில் அமெரிக்கா மோசமாகத் தோற்றது. முதல் சிங்கமீன் தென்பட்டது 1985-ல், ஃபுளோரிடா அதன் இறக்குமதியைத் தடை செய்தது 2014-ல். இடையில் 29 ஆண்டுகள். வாசல் திறந்து கிடக்க, கொல்லைப்புறத்தில் வேட்டை நடந்தது.

இப்போது இந்தியா. புனேயில் ஸ்கூபா கற்பவர்கள் நீச்சல் குளத்தில் பயிற்சி எடுத்துவிட்டுக் கொங்கண் கரையின் மால்வண், தார்கர்லி பக்கம் போவது வழக்கம். தார்கர்லியில் மகாராஷ்டிரச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் முக்குளிப்புப் பயிற்சி நிலையமே இருக்கிறது. கரீபியன் காணொளிகளைப் பார்த்து ஊக்கம் பெற்ற ஒருவர் அங்கே சிங்கமீனைக் கண்டால் என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்யக் கூடாது. மால்வண் முதல் மன்னார் வளைகுடா, அந்தமான் வரை சிங்கமீனுக்கு இது சொந்த வீடு. அதைத் தின்னும் மீன்களும் அதனிடம் தப்பத் தெரிந்த மீன்களும் இங்கே உண்டு. மால்வண் 1987-ல் கடல்வாழ் உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பகுதி வேறு. ஃபுளோரிடாவில் சேவையாகிற அதே குத்து, இங்கே வனவிலங்கு வேட்டை. விஷமும் முள்ளும் ஒரு மீனைக் குற்றவாளி ஆக்குவதில்லை. புனேயின் நன்னீர் இதற்கு இன்னும் தெளிவான சான்று: குத்தினால் விஷம் ஏறும் தேளி இந்த மண்ணின் மீன். அங்கே கேடு செய்யும் அந்நியர்களான திலேப்பியாவும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் பார்வைக்குச் சாதுவானவை.

புனே ஆறுகளின் மீன்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் ஆவணம் நீளமானது. கர்னல் சைக்ஸ் 1839-லேயே தக்காணத்து மீன்களை விவரித்து எழுதினார். 1942-ல் ஃப்ரேசர் புனேயின் மீன்களைப் பட்டியலிட்டார். 2003-ல் சஞ்சய் கரத், நீலேஷ் தஹானுக்கர் குழுவினர் புனே மாவட்ட மீன் இனங்களில் நீண்ட காலத்தில் நேர்ந்த மாற்றங்களை ஆராய்ந்து வெளியிட்டார்கள். முன்பு என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் எது போனது என்று சொல்ல முடியும். அந்த வசதி இந்தியாவில் பல ஊர்களுக்கு இல்லை.

திலேப்பியா 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது, பாங்காக்கிலிருந்தும், இலங்கை வழியாக மண்டபத்துக்கும். ஏழே ஆண்டில், 1959-ல், இதைப் பரப்ப வேண்டாம் என்று மத்திய அரசின் மீன்வள ஆராய்ச்சிக் குழு முடிவெடுத்தது. மீன் அந்த முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. புனேயின் முளா, முட்டா ஆறுகள் கலந்து பீமாவில் சேர, பீமா போய் நிற்கும் உஜனி நீர்த்தேக்கத்தில் இன்று மீனவர் வலைகளில் விழுவதில் பெரும்பங்கு திலேப்பியாதான். நம்மூர்ச் சந்தையில் ஜிலேபி என்று விற்கும் இதே மீனுக்கு, அங்கே பிக்வண், இந்தாப்பூர் சந்தைகளில் சிலாபி என்று பெயர்.

‘தின்று தீர்ப்போம்’ என்ற முழக்கத்துக்கு உஜனியைவிடப் பெரிய பரிசோதனைக்கூடம் கிடைக்காது. சுமார் 117 டி.எம்.சி. கொள்ளளவு, நூற்றுக்கணக்கில் படகுகள், அன்றாடம் செவுள் வலை, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெருநகரத்தின் பசி. வார இறுதியில் வரும் தன்னார்வலர்களோடு ஒப்பிட்டால் பல மடங்கு அழுத்தம் இது, பல பத்தாண்டுகளாக ஓயாதது. திலேப்பியா தீரவில்லை. வாய்க்குள் வைத்துக் குஞ்சு காக்கும் மீன், சாக்கடை கலந்த நீரிலும் தாக்குப்பிடிக்கும் மீன். பிடிக்கப் பிடிக்க அது சிறு வயதிலேயே, சிறு உடலோடு இனம் பெருக்கத் தொடங்கிவிடும். இதற்கும் மேலே ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதை நம்பி அடுப்பு மூட்டும்போது, அது ஒழிந்துபோக வேண்டும் என்று யார் விரும்புவார்கள்? சந்தையை ஆயுதமாக எடுத்தவர்கள், சந்தைக்குத் தன் சரக்கைக் காப்பாற்றிக்கொள்ளும் குணம் உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி இந்தக் குணத்தின் உச்சம். தமிழ்நாட்டிலும் கிருஷ்ணகிரி, வேலூர் பக்கம் பண்ணைக்குட்டைகளில் இதை அழித்த செய்தி அவ்வப்போது வருகிறது. வடக்கே இதன் சந்தைப் பெயர் தாய் மாங்குர். காற்றைச் சுவாசித்துச் சேற்றிலும் உயிர் பிடித்திருக்கும், கோழிக்கழிவைப் போட்டாலும் கொழுக்கும், அகப்பட்டதையெல்லாம் தின்னும். மத்திய அரசு 2000-த்திலேயே தடை செய்தது. பிறகும் உஜனியைச் சுற்றிய வட்டாரங்களில் திருட்டுத்தனமாக வளர்த்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் உத்தரவிட்ட பின், மகாராஷ்டிர மீன்வளத் துறை 32 டன் மீனை அழித்ததாக அறிவித்தது.

32 டன் பெரிய எண்தான். அது எதை அளக்கிறது? குட்டைகளிலிருந்து எடுத்துப் புதைத்ததை. பீமாவுக்குள் தப்பிப்போனது எவ்வளவு, குஞ்சு பொரிக்கும் நிலையங்கள் எத்தனை மூடப்பட்டன, லாரியில் குஞ்சு வரும் பாதை அடைபட்டதா என்ற கேள்விகளுக்கு அந்த எண்ணில் பதில் இல்லை. டெஸ்டின் போட்டியின் 14 ஆயிரமும் இந்த 32 டன்னும் ஒரே வகைப் புள்ளிவிவரங்கள். கைப்பற்றியதைக் காட்டும், நிலைமையைக் காட்டாது. இதில் இன்னோர் அபாயமும் உண்டு. நாட்டு மாங்குர் என்ற உள்ளூர் இனம் இப்போது அருகிவரும் மீன், தோற்றத்தில் ஆப்பிரிக்கக் கெளுத்தியின் பங்காளி. குட்டையைக் கலக்கி அள்ளும் அவசரத்தில் இரண்டையும் பிரித்தறியும் பொறுமை இருப்பதில்லை. ஈட்டிக்காரருக்குக் கடலில் கிடைத்த துல்லியம், மண்வாரி இயந்திரத்துக்குக் கிடையாது. அந்தத் துல்லியத்துக்காக ஈட்டியை இங்கே கொண்டுவரவும் முடியாது. நகரத்துக் கழிவு கலந்த உஜனி நீரில், எதிரில் நீந்தும் மீன் எது என்று பார்த்துக் குத்த வழியில்லை.

மூன்றாவது வழக்கில் புனேயே ஏற்றுமதியாளர். சைக்ஸ் 1839-ல் விவரித்த மீன்களில் ஒன்று தக்காணத்து மஹசீர், அது முதலில் பதிவானது புனேக்குக் கிழக்கே ஓடும் முளா-முட்டாவில். அருகிவிட்டது என்ற கவலையில், புனே மாவட்டத்து லோனாவலாவில் டாடா மின் நிறுவனம் 1970-களிலிருந்து அதைக் குஞ்சு பொரிக்க வைத்தது. நோக்கம் நல்லது, தொழில்நுட்பச் சாதனையும்கூட. அந்தக் குஞ்சுகள் நாட்டின் பல ஆறுகளுக்குப் போயின, காவிரிக்கும் வந்தன. காவிரியிலோ கூன்முதுகு மஹசீர் என்ற தனி இனம் இருந்தது. உலகில் வேறெங்கும் இல்லாதது, நூறு ராத்தலைத் தாண்டி வளரக்கூடியது. அறிவியல் அதற்கு உரிய அடையாளத்தை 2018-ல்தான் உறுதி செய்தது. அதே ஆண்டு அது மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாகவும் பட்டியலிடப்பட்டது.

கூன்முதுகு மீனுக்கு நேர்ந்தது தெரியவந்தது தூண்டில்காரர்களால். காவிரிக் கரையின் கலிபோரே முகாமில், பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விடும் தூண்டில் விளையாட்டு நடந்தது. 1998 முதல் 2012 வரை அவர்கள் எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டு ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் ஆகியோர் 2015-ல் வெளியிட்ட ஆய்வு, நீலத்துடுப்பு வந்தேறியான தக்காணத்து மஹசீர் பெருகியதையும் கூன்முதுகு மீனின் இளம் தலைமுறை அற்றுப்போனதையும் காட்டியது. கொல்லாமல் விட்டவர்களின் நோட்டுப்புத்தகம், கொன்றவர்களின் எடைத்தராசைவிட அதிகம் சொன்னது. ஆனால் அதே தூண்டில்காரர்கள் வந்தேறியையும் திரும்ப ஆற்றில் விட்டார்கள் என்பதையும் எடையில் சேர்க்க வேண்டும். பார்த்துப் பதிவு செய்வது வைத்தியம் ஆகிவிடாது.

ஈட்டியை ஆதரிப்பவர்களின் கடைசி வாதத்துக்கும் காது கொடுக்கலாம். வேட்டை மக்களை ஈர்க்கிறது, ஈர்க்கப்பட்டவர்கள் பவளப்பாறைக்காகப் பேசுகிறார்கள், அதுவே லாபம் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. பொனேரில் நடந்ததைப் போல ஓர் ஊரே கண்காணிப்புப் படையாக மாறினால் அதன் பயன் மீன் கணக்கைத் தாண்டியது. ஆனால் ஒரே வில்லனைக் காட்டுவதால் மற்றவர்கள் மறைந்துகொள்ளவும் இடம் உண்டாகிறது. புனேயின் உள்ளூர் மீன்கள் அருகியதற்கு அயல் மீன்கள் ஒரு காரணம்தான். அணைகள், மணல் அள்ளுதல், சின்னக் கண்ணி வலை, முளா-முட்டாவில் கலக்கும் நகரத்தின் கழிவு எல்லாம் சேர்ந்தே அந்த நீரைத் திலேப்பியாவுக்கு ஏற்றதாகவும் மற்றவற்றுக்கு ஒவ்வாததாகவும் ஆக்கின. திலேப்பியாவை முழுதாக அகற்றிவிட்டாலும், அந்த நீரில் பழைய மீன் திரும்பி வந்து வாழாது.

இனி தீர்ப்பு. கரீபியன் பவளத் திட்டுகளில் ஈட்டி ஏற்கத்தக்க கருவி. தெளிந்த நீர், சிறு பரப்பு, பயிற்சி பெற்ற கை, இடைவிடாத பணி ஆகிய நான்கும் உள்ள இடத்தில், உள்ளூர் மீன்களுக்கு மூச்சுவிட அவகாசம் தருகிறது. அது நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை, நிறுத்தினால் திரும்பிவரும் நோய்க்கு வாழ்நாள் முழுக்கச் செய்ய வேண்டிய பராமரிப்பு. ஒரு கடலையே மீட்கும் வழி என்று அதை விற்பவர்களின் வாதம் நிற்காது. இந்தியக் கடலில் சிங்கமீன் மீது ஈட்டி எடுக்க எந்த நியாயமும் இல்லை. உஜனியில் ஈட்டியும் செல்லாது, சந்தையும் செல்லாது, ஒருநாள் அழிப்பு நடவடிக்கையும் செல்லாது. அங்கே கட்டுப்படுத்த வேண்டியது குஞ்சு பொரிக்கும் தொட்டியையும் குஞ்சு ஏறிவரும் லாரியையும். காவிரிக்கு லோனாவலா சொல்லும் பாடமும் இதுவே: ஆற்றுக்கு ஆறு மீன் மாற்றும் நல்லெண்ணத்துக்கும் முன் அனுமதியும் மரபணுச் சோதனையும் கட்டாயமாக வேண்டும்.

இதெல்லாம் ஒரே ஒரு நிர்வாக மாற்றத்தில் தொடங்கலாம். அயல் மீன் ஒழிப்புக்காகப் பணம் கேட்கும் எந்தத் துறையும், எந்த அமைப்பும், கொன்ற கணக்கோடு வந்தால் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். நடவடிக்கைக்கு முன்னும் பின்னும் அதே இடத்தில், அதே முறையில் எடுத்த இருப்புக் கணக்கும், உள்ளூர் மீன்களின் கணக்கும், மூடப்பட்ட குஞ்சு நிலையங்களின் பட்டியலும் கையில் இருந்தால்தான் அடுத்த தவணை. 1839-லிருந்து பட்டியல் வைத்திருக்கும் புனேக்கு, இதைத் தொடங்க முடியாது என்று சொல்லச் சாக்கு எதுவும் இல்லை.